பால் குடிக்காத பாம்பு

இந்த ஊரில் பாம்பைக் கண்டால் யாரும் அலறுவதில்லை. என்ன விலை என்று கேட்கிறார்கள். காலையில் நான் பஸ்ஸுக்கு நடக்கும் வழியில் ஒரு சீனர் கடை இருக்கிறது. வாசலில் கம்பிக் கூண்டுகளை அடுக்கியிருப்பார்கள். மேல் வரிசையில் பாடும் குருவிகள், நடுவில் ஆமைகள், கீழே பாம்புகள். கூடையும் கையுமாக வரும் சீனப் பெண்கள் கத்தரிக்காய் பொறுக்குவதுபோலக் குனிந்து பார்த்து, ‘அதோ, அது’ என்று விரலை நீட்டுவார்கள். கடைக்காரர் அதைக் கழுத்தோடு பிடித்துத் தூக்கிச் சாக்கில் போட்டுக் கட்டிக் கொடுப்பார். எல்லாம் சூப்புக்கு. சிங்கப்பூருக்கு வந்து இத்தனை வருஷமாகியும், அந்தக் கடை நெருங்கினால் என் கால்கள் தாமாகவே எதிர்ப்பக்கம் போய்விடும். அதே கடைக்குள் ஒருநாள் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நுழைவேன் என்று யாராவது சொல்லியிருந்தால், ‘போய்யா, வேலையைப் பார்’ என்றிருப்பேன்.

ஊரில் உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நமக்குப் பாம்பு என்றால் இரண்டே வழி: அடிப்பது, இல்லாவிட்டால் கும்பிடுவது. சில சமயம் இரண்டையும் செய்வோம். அடித்துப் போட்ட நல்ல பாம்புக்குப் பால் ஊற்றி, காசு வைத்துக் கொளுத்திவிட்டுத் தலை முழுகி வருவோம். பாம்பை வளர்ப்பது என்று மூன்றாவதாக ஒரு வழி இருப்பதாக நானும் கேள்விப்பட்டதில்லை, என் வீட்டில் ஒருத்தி கேட்கும்வரை.

அந்த ஒருத்தி என் மகள் நாகு. அவளுக்கு எட்டு வயது. கல்யாணமாகி ஆறு வருஷம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. நாகதோஷம் என்றார்கள். என் மனைவி மீனாட்சி வெள்ளிக்கிழமை தவறாமல் ஊர்க்கோடிப் புற்றுக்குப் பால் ஊற்றினாள். அப்படிப் பிறந்தவள் என்பதால் நாகலட்சுமி என்று பெயர் வைத்தோம். அவளுக்கு ஆறு மாதமானபோது நான் லீவு முடிந்து கப்பலேறினேன். அதற்குப் பிறகு அவளைப் பார்த்ததெல்லாம் போட்டோவில்தான். அவளும் என்னைப் போட்டோவில்தான் பார்த்தாள். துறைமுகத்தில் சரக்குக் கணக்கெழுதும் குமாஸ்தாவுக்குக் குடும்பத்தோடு இருக்க ஓர் அறையும் பின்கட்டும் சிராங்கூன் ரோட்டுப் பக்கத்துச் சந்தில் கிடைக்க இத்தனை காலம் பிடித்தது. அவர்கள் இருவரும் நாகப்பட்டினத்தில் கப்பலேறு முன் நாகுவுக்குக் கடிதம் எழுதினேன்: ‘அழாமல் வந்தால் நீ கேட்பதை வாங்கித் தருவேன்.’

அழாமல்தான் வந்தாள். ஆனால் என்னை அப்பா என்று கூப்பிடவில்லை. சாப்பாட்டுக்கு அழைக்க வேண்டுமென்றால், நான் ஓரடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாலும், “அம்மா, அவங்களச் சாப்பிட வரச் சொல்லு” என்பாள். ஏதாவது வேண்டுமென்றால், “இங்க பாருங்க” என்பாள். தஞ்சோங் பகார் துறைமுகத்தில் நாள் முழுக்கக் கூலிகளின் ஏச்சையும் வெள்ளைக்கார அதிகாரியின் ஏச்சையும் துடைத்துப் போட்டுவிட்டு வருகிறவன் நான். இந்த ‘அவங்க’ மட்டும் துடைத்தாலும் போகவில்லை. மீனாட்சியிடம் சொன்னபோது, “எட்டு வருஷம் போட்டோவாத்தானே இருந்தீங்க? போட்டோவ யாராச்சும் கூப்பிடுவாங்களா?” என்றாள்.

ஒரு மாதம் கழித்து, வாக்கு ஞாபகம் வந்து, என்ன வேண்டும் என்று நாகுவிடம் கேட்டேன். தேக்கா சந்தையில் தொங்கும் பொம்மைகளில் ஒன்றைக் கேட்பாள் என்று நினைத்திருந்தேன்.

“பாம்பு” என்றாள்.

“என்ன பாம்பு? ரப்பர் பாம்பா?”

“உசிரோட. ஊர்ல எத்தன வெள்ளிக்கெழம பால் ஊத்திருக்கோம்! ஒரு தடவகூட வெளிய வந்து பாக்கல. நான் பாக்கணும்.”

மீனாட்சி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு நிபந்தனைகள் போட்டாள். நல்ல பாம்பு கூடவே கூடாது, சாமியைக் கூண்டில் அடைக்க முடியாது. வந்த பாம்பை அடிக்கக் கூடாது, கொல்லக் கூடாது. விளக்கு வைத்த பிறகு வீட்டில் யாரும் பாம்பு என்று வாய் திறந்து சொல்லக் கூடாது, பூச்சி என்றுதான் சொல்ல வேண்டும்.

எனக்குத் தெரிந்து பாம்பைப் பற்றிப் புத்தகம் படித்தவர் ஒருவர்தான். காத்தோங்கில் குடியிருக்கும் எங்கள் தலைமைக் குமாஸ்தா தம்பிராசா, யாழ்ப்பாணத்துக்காரர். விஷயத்தைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“உமக்கென்ன விசரே காணும்? பிள்ளை கேட்டா எதையும் வாங்கிக் குடுக்கிறதோ?” என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். “சரி, மூண்டு விஷயம் பாரும். நஞ்சு இருக்கக் கூடாது. பிள்ளையை விட நீளமா வளரக் கூடாது. வாங்க முந்தி, அது என்னத்தைத் தின்னும் எண்டு கேளும்.”

முதல் இரண்டையும் மனத்தில் குறித்துக்கொண்டேன். மூன்றாவதைக் கேட்டு உள்ளுக்குள் சிரித்தேன். பாம்பு என்ன சாப்பிடும் என்று நமக்கா தெரியாது?

ஞாயிற்றுக்கிழமை நாகுவோடு அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரத் தௌக்கேக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது சந்தை மலாய் மட்டும்தான். அவருக்கு அதில் பாதி தெரியும், எனக்கு மீதிப் பாதி. ‘ஊலார்’ என்றேன், பாம்பு. நாகுவைக் காட்டினேன். அவர் அவளுடைய ஒல்லிக் கைகளைப் பார்த்தார். முகத்தில் இரக்கம் வந்தது. “அனா சாக்கித்?” என்றார். பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்கிறார். கேட்டுக்கொண்டே ஒரு பருத்த பாம்பை வெளியே எடுத்து, கத்தி எங்கே என்று உள்ளே குரல் கொடுத்தார். நாகு என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். ஐயோ, சூப்புக்கு இல்லை, விளையாட என்று பதறிச் சொன்னேன்.

தௌக்கே என்னை மேலும் கீழும் பார்த்தார். வேட்டி, நெற்றியில் விபூதி, விளையாடப் பாம்பு கேட்கும் தமிழன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. “ஓ...!” என்று, இரண்டு கைகளையும் வாயருகே வைத்து மகுடி ஊதிக் காட்டி, உடம்பை ஆட்டினார். அதோடு நிற்காமல் ஓடிப்போய் ஒரு கூடையின் மூடியைத் திறந்தார். படமெடுத்து நின்றது நல்ல பாம்பு. வெள்ளைக்காரப் பயணிகள் முன்னால் மகுடி ஊதிப் பிழைக்கிறவன் என்று என்னை எடுத்துக்கொண்டார். துறைமுகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் பாம்புக் கடையில் நின்றுகொண்டு, நான் குமாஸ்தா என்று எந்த மலாயில் சொல்வது?

தேர்வு ஆரம்பமானது. முதலில் மலைப்பாம்புக் குட்டி ஒன்றைக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. எவ்வளவு வளரும் என்று கேட்டதற்கு, கடை வாசலிலிருந்து நடுத்தெருவரை நடந்து போய் நின்று காட்டினார். அது வேண்டாம். அடுத்தது பச்சைக் கொம்பேறி போன்ற ஒன்று. கூண்டுக்குள் நிற்காமல் அலைந்தது, நாகு முகத்தைக் கிட்டே கொண்டுபோனதும் கொத்த வந்தது. அதுவும் வேண்டாம். மூலையில் மண் நிரப்பிய தட்டில் கறுப்பாக ஒன்று சுருண்டு கிடந்தது. அழுக்குக் கயிறுபோல இருக்கிறதே என்று நான் நினைக்கும்போது, தௌக்கே அதை எடுத்து வெயிலில் நீட்டினார். உடம்பு முழுக்க நீலமும் பச்சையும் ஊதாவும் ஓடின, சாலையில் சிந்திய எண்ணெயில் மழை பட்டதுபோல. நாகு வாயைத் திறந்தவள் மூடவில்லை. இது கடிக்காது, பெரிதாக வளராது, சாக்கடை ஓரத்து மண்ணில் இருக்கும் என்றார். கொஞ்சம் வருத்தத்தோடு, ருசியும் கிடையாது என்றார். யாருக்கும் வேண்டாத பாம்பு. கோணிப்பையில் கட்டிக்கொண்டு வந்தோம்.

பின்கட்டில், சீனர்கள் உப்பு முட்டை போட்டு விற்கும் பெரிய மண்ஜாடி ஒன்று காலியாகக் கிடந்தது. முக்கால் பங்கு மண் நிரப்பிப் பாம்பை விட்டோம். மீனாட்சியின் அரிசிச் சல்லடை மூடியானது, அதன்மேல் அம்மிக் குழவி. மீனாட்சி சின்னக் கிண்ணத்தில் பால் கொண்டு வந்து, ஒரு பூவையும் போட்டு உள்ளே இறக்கினாள். பாம்பு ஒரு சுற்றுச் சுற்றியது. பாலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு தலையை மண்ணுக்குள் நுழைத்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாலும் உள்ளே போய்விட்டது.

அவ்வளவுதான், அது மறுபடி வெளியே வரவில்லை. தினமும் மீனாட்சி புதுப் பால் வைத்தாள். தினமும் எறும்பு குடித்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாகு ஜாடி பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். கப்பலேறிக் கடல் தாண்டி வந்தும் அவளுக்குக் கிடைத்தது மண்ணும் பாலும்தான். மூன்றாவது வாரம் அவள் என்னைப் பார்க்காமலேயே, “இதுவும் அப்படித்தான்” என்றாள். இதுவும் என்றாளே, வேறு எதை நினைத்துச் சொன்னாள்? புற்றையா, என்னையா? கேட்கத் தைரியம் வரவில்லை. வேலைக்குப் போய்க் கணக்கைத் தப்பாக எழுதினேன்.

“வாங்க முந்திக் கேட்டனீரோ, என்ன தின்னும் எண்டு?” என்றார் தம்பிராசா.

“பால் வைக்கிறோம், சார்.”

அவர் பேனாவை மூடினார். “பாம்பு எங்க காணும் பால் குடிக்கும்? அது பட்டினி கிடக்குது.”

அன்றைக்கே தௌக்கேயிடம் ஓடினேன். பால் என்றதும் அவர் உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டு, அதை இன்னொரு தடவை என்னைச் சொல்லச் சொன்னார், இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்துவிட்டு, தவளை என்று குதித்துக் காட்டினார்.

வீட்டில் சொன்னேன். மீனாட்சியின் முகம் கறுத்துவிட்டது. “பால் குடிக்காதா? ஆறு வருஷம் ஊத்தித்தாங்க இவளப் பெத்தேன். அது பொய்யா?” அந்தப் பாலை யார் குடித்தது என்று நான் கேட்கவில்லை, அந்த அளவுக்கு எனக்குப் புத்தி உண்டு. இந்த ஊர்ப் பாம்பு, இந்த ஊர்ப் பழக்கம் என்று சமாளித்தேன். தவளை சாவது வீட்டுக்குள் இல்லை, பின்கட்டில்தானே என்றும் சொன்னேன். பால் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “வெள்ளிக்கிழமை மட்டும் தவளை கூடாது. அன்னைக்குப் பால்தான்” என்றாள்.

மறுநாள் வேலை விட்டதும், கிடங்குக்குப் பின்னாலுள்ள சாக்கடை ஓரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தவளை பிடித்தேன். டின்பால் டப்பாதான் பாத்திரம். கூலிகள் சுற்றி நின்று, “அண்ணே, இடது பக்கம் லா! விட்டுட்டீங்களே!” என்று கூத்தடித்தார்கள். மானம் கப்பலேறியது. ஒன்று அகப்பட்டது. பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, அது கத்தாமல் இருக்க வேண்டுமே என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் அப்போதுதான் விளக்கு வைத்திருந்தார்கள். தவளையை ஜாடிக்குள் விட்டேன். நாகு பலகையில், நான் தரையில். என் கால் மரத்துப் போயிற்று. எழுந்து முகம் கழுவக் குழாயடிக்குப் போனேன். முதுகுக்குப் பின்னால் அலறல் கேட்டது.

“அப்பா! அப்பா, வாங்க! பூச்சி வந்துருச்சு!”

அந்த அவசரத்திலும் அம்மாவின் கட்டளையை மீறாமல் பூச்சி என்றாள். இன்னொரு சொல்லையும் சொன்னாள். அதை அவள் கவனிக்கவில்லை. பாம்பு தவளையைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்ததாம். நான் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. முகத்தில் தண்ணீர் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அதற்குப் பிறகு நாகுவே டப்பாவோடு சாக்கடை ஓரம் அலையத் தொடங்கினாள். இரண்டு மாதத்தில் பாம்பு சட்டை உரித்தது. கிழியாத முழுச் சட்டை. மீனாட்சி அதை மஞ்சள் துணியில் சுற்றி, ஊர்ப் புற்றில் வைக்கும்படி தன் தம்பிக்குத் தபாலில் அனுப்பினாள். பதில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. புற்றில் வைத்துப் பூஜை செய்தார்களாம். சிங்கப்பூர் நாகம்மா என்று பெயராகிவிட்டதாம். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பிள்ளையில்லாத பெண்கள் பாலோடு வருகிறார்களாம். ‘அம்மன் அங்கே சௌக்கியமா? அத்தானும் அக்காவும் ஊர் திரும்பும்போது அவளையும் அழைத்து வரவும்’ என்று முடித்திருந்தான்.

இங்கேயே தங்கிவிடத் தோ பாயோவில் அடுக்கு வீட்டுக்கு நாங்கள் மனுப் போட்டிருக்கும் விஷயத்தை அவனுக்கு இன்னும் எழுதவில்லை.

மீனாட்சி கடிதத்தை இரண்டு முறை படித்தாள். ஜாடியைப் பார்த்தாள். நாலைந்து நாளாக மழையில்லாமல் தவளை கிடைத்திருக்கவில்லை. அன்று காலையில்தான் நாகு ஒன்று பிடித்து வைத்திருந்தாள். மீனாட்சி அடுப்படியிலிருந்தே, யாரையும் பார்க்காமல், “வெள்ளிக்கிழமையா இருந்தா என்ன, சாமிக்கும் பசிக்குமில்ல? வச்சிருங்க” என்றாள்.

நாகு ஒரு கையில் பால் கிண்ணமும் மறு கையில் தவளை டப்பாவுமாக ஜாடி முன்னால் வந்து நின்றாள். நான் சல்லடையைத் தூக்கிப் பிடித்தேன்.

“அப்பா, எத மொதல்ல வைக்கணும்?”

“மொதல்ல பால வை” என்றேன். “அம்மா பாத்துக்கிட்டு இருக்காங்க.”