மாமிக்குப் போட்ட ஊசி

தாகம் சைகோனிலேயே தொடங்கிவிட்டது. பத்திரிகை அலுவலகத்தில் என் மேசைமேல் இருந்த தண்ணீர்க் கூஜா அடிக்கடி காலியானது. டாக்டர் என் சிறுநீரை நீல மருந்துநீரில் கலந்து சூடாக்கினார். நீலம் செங்கல் நிறமானது. நீரிழிவு என்றார். இன்சுலினை (ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்கும் மருந்து) நானே தொடையில் போட்டுக்கொள்ளப் பழக்கினார்.

நான் பிறந்தது சைகோனில். காரைக்கால் எனக்கு நிக்காஹ் ஆன ஊர். எங்கள் குடும்பங்களில் மாப்பிள்ளைதான் மனைவி வீட்டுக்குக் குடிவருவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில், ஒரு கண்ணாடி சிரிஞ்சுடன் வந்து சேர்ந்தேன்.

மாமி, என் மனைவியின் தாய், என் கண்முன் வரமாட்டார். உள்கட்டு வாசலில் ஒரு பச்சைத் திரை. அதன் பின்னால் நின்று மகளிடம் சொல்வதுபோல எனக்குச் சொல்வார். பிரியமெல்லாம் தட்டில் வரும். முதல் நாள் வட்டலப்பம் வந்தது. முட்டையும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து அவித்தது, ஏலக்காய் மணத்தது. நான் தொடவில்லை.

“ஏன் ஜெய்னம்பு, மாப்பிள்ளைக்கு நம்ம கைப்பக்குவம் புடிக்கலையாமா?”

“சர்க்கரை வியாதி உம்மா. திங்கக் கூடாது,” என்றாள் என் மனைவி.

“அது சைகோன் தண்ணியில வந்த சீக்கு. நம்ம ஊர்த் தண்ணி குடிச்சா போயிடும். திங்கச் சொல்லு.”

இன்சுலின் குப்பியைச் சூடு படாமல் ஈரமணல் சட்டியில் புதைத்து வைத்தோம். காலையில் சிரிஞ்சை வெந்நீரில் கொதிக்கவைக்கும்போது அதன் கண்ணாடி பாத்திரத்தில் மெல்லத் தட்டும். அந்தச் சத்தம் இன்றும் எனக்குக் காரைக்கால்தான்.

அடுத்த மழைக்காலத்தில் மாமியின் கால் பெருவிரலில் புண் வந்தது. மஞ்சள் வைத்தார், ஓரம் கறுத்தது. கூண்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். பெஞ்சில் சைகோனிலிருந்து திரும்பியவர்களும், ஊரைவிட்டு நகராதவர்களும் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

“வாங்க சைகோன்காரரே. ஒங்க மாமி திருமலைராயன்பட்டினம் தாண்டி எங்கயும் போனதில்லையாம். இதப் பாருங்க.”

சோதனைக் குழாயில் மாமியின் சிறுநீர், அதே செங்கல் நிறம்.

“தினம் ஊசி போட்டா கால் தப்பும். இல்லன்னா எடுக்கத்தான் வேணும்.”

ஊசி போட வீட்டுக்கு வந்த கம்பவுண்டரை மாமி வாசலோடு திருப்பி அனுப்பினார். “ஊரான் தொட நான் கைய நீட்டமாட்டேன். காலு போனா போவட்டும்.” ஜெய்னம்பு வெள்ளரிப்பிஞ்சில் குத்திப் பழகினாள். தாயின் கையைப் பிடித்ததும் அழுதுவிட்டாள். புண்ணின் வாடை கூடத்துக்கு வரத் தொடங்கியது.

ஒரு காலை திரையருகே போய் நின்றேன். “மாமி, நான் போடுறேன்.”

அதுவரை நேரே பேசியதில்லை.

“கை நடுங்காதில்ல?” என்று திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார்.

“ஒங்க வட்டலப்பத்தப் பாத்தாதான் நடுங்கும்.”

ஜெய்னம்பு சிரித்துவிட்டாள். “பேச்சப் பாரு,” என்றார் மாமி. பிறகு பிஸ்மில்லா சொல்லி, திரைக்கு வெளியே கையை நீட்டினார். வளையல்களை முழங்கைவரை தள்ளியிருந்தார். மாவு காயாத விரல்கள். மேற்கையைப் பஞ்சால் துடைத்து ஊசியை இறக்கினேன். விரல்கள் ஒருமுறை மூடித் திறந்தன.

“அவ்வளவுதானா?”

புண் ஆற மாதங்கள் ஆயின. நகம் விழுந்து கோணலாக முளைத்தது. கால் தப்பியது.

இந்த நோய் புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று சொல்லலாம். முன்பெல்லாம் எனக்கு ஒரு நாள் என்பது பொழுது விடிந்து அடைவது. பிறகு அது ஊசிக்கும் சாப்பாட்டுக்கும் இடையிலான அரைமணி நேரமாகச் சுருங்கியது. ஊசி போட்டவுடன் சாப்பிடக் கூடாது; காத்திருக்க வேண்டும். திரைக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் மாமியும் பசியோடு காத்திருந்தோம். மாமி சைகோனைப் பற்றிக் கேட்பார். அங்கே ஆறு எவ்வளவு அகலம், நம்ம அரசலாறு மாதிரி இருக்குமா, கரையில் என்ன மீன் விற்கும். ஒரே கேள்வியைப் பலமுறை கேட்பார். நான் ஒவ்வொரு முறையும் ஆற்றை இன்னும் கொஞ்சம் அகலமாக்கினேன்.

மாமி காலமாகிப் பல வருடங்கள் ஆகின்றன. என் தொடையில் ஊசி இறங்குவது இப்போது எனக்குத் தெரிவதேயில்லை. ஊசியே படாத என் மேற்கையில், மாமிக்குப் போட்ட அதே இடத்தில்தான் சுருக்கென்கிறது. பிறகு அந்த அரைமணி வருகிறது. பசிக்கிறது. ஆறு எவ்வளவு அகலம் என்று கேட்க யாருமில்லை.