சகாயமேரி போட்ட கூரைக் கணக்கு

ஏரிக்கரையோரம் ஒரு வீட்டின் அஸ்திவாரக் குழிக்குள் இறங்கி ஆழம் அளந்துகொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. சகாயமேரியோடு வேலை செய்யும் கன்னியம்மா பேசினாள்.

"மேரிக்கா பூட்டாங்க மேடம். மத்தியானம் வேலைலேர்ந்து வந்து தண்ணி குடிச்சிட்டு ஒக்காந்தாங்க. அப்டியே சாஞ்சிட்டாங்க."

குழியிலிருந்து ஏற எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

உத்திரமேரூர் வட்டாரத்தில் அவர் எழுப்பிய சுவர்களுக்குள் குடியிருக்கும் பலர் இதைப் படிக்கக்கூடும். உங்களுக்கு அவரைக் கொத்தனார் மேரியாகத் தெரியும். பல வருடம் சித்தாளாகக் கல் சுமந்து, நாற்பது வயதுக்கு மேல் கொத்துக்கரணை பிடித்தவர். எனக்கு அவரைக் கேள்வி கேட்பவராகத்தான் முதலில் தெரியும். நான் ஒன்றிய அலுவலகத்தில் ஓவர்சியர். அரசு உதவியில் கட்டும் வீடுகளை ஒவ்வொரு நிலையிலும் அளந்து, தவணைக்குக் கையெழுத்துப் போடுவது என் வேலை. காலனியில் அவருக்கு வீடு ஒதுக்கீடானபோது என் மேசைக்கு வந்தார்.

வரைபடத்தைக் கொடுத்தேன். அதை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல கெயக்கு எது மேடம்?" என்று கேட்டார்.

"எல்லா வீட்டுக்கும் ஒரே படம்தான். உங்க இடத்துக்கு ஏத்த மாதிரி வெச்சுக்கணும்."

"என் எடத்துல வெச்சா இந்த ஜன்னலு மேக்கால வருது. மத்தியானத்துக்கு மேல வெய்யிலு உள்ள வந்து படுத்துக்கும். அதுக்கும் ஒரு பாய் போடணுமா?"

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. வேறொன்றைக் கேட்டார். "கட்றதுக்கு இன்னா ஆவும்னு எய்தி வெச்சிகீறீங்க. கட்டி முடிச்சி குடியிருக்கறதுக்கு இன்னா ஆவும்? அத எங்க எய்திகீது?"

அப்படி ஒரு பக்கம் எங்கள் மதிப்பீட்டில் இல்லை. இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதுமில்லை. ஏன் கேட்கிறார் என்று தெரிந்துகொள்ள அவர் இடத்துக்குப் போனேன். அவருடைய கணவர் ஆரோக்கியம், சாரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவற்றுப் போனவர். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ், சுழலும் மின்விசிறியின் அனல் காற்றில், நாள் முழுக்க மல்லாந்து கிடந்தார். முதுகில் படுக்கைப் புண். வியர்வையில் அது ஆறவே இல்லை. மற்றவர்கள் வெயில் ஏறினால் மரத்தடிக்குப் போய்விடலாம். அவரால் முடியாது.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு பண்ணைவீட்டு வேலைக்குப் போனபோது, கம்பிகளுக்கு நடுவே மண்சட்டிகளைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் கான்கிரீட் போட்ட கூரையைச் சகாயமேரி பார்த்திருக்கிறார். சட்டிக்குள் அடைபடும் காற்று வெயிலைத் தடுக்கும் என்று அங்கே சொன்னார்கள். அவர் அதை அப்படியே நம்பிவிடவில்லை. தன் ஆட்டுக்கொட்டகையில் பாதிக்கு ஆஸ்பெஸ்டாஸும், பாதிக்குச் சட்டி வைத்த சிறு கூரையும் போட்டார். ஒரு சித்திரை மாத மத்தியானம் என்னை வரச்சொன்னார். நாலு ஆடுகளும் சட்டிக் கூரையின் கீழ் நெருக்கியடித்துப் படுத்திருந்தன.

"அந்தப் பக்கம் காத்து வரும். அதனால படுத்திருக்கும்" என்றேன்.

"அப்டியும் இருக்கும்" என்று ஒப்புக்கொண்டார். அடுத்த வாரம் மறுபடியும் அழைத்தார். காற்று வரும் பக்கத்தைத் தட்டி கட்டி அடைத்து, மறுபக்கத்தைத் திறந்துவிட்டிருந்தார். தழைக்கட்டையும் ஆஸ்பெஸ்டாஸ் பக்கம் தொங்கவிட்டிருந்தார். ஆடுகள் அங்கே போய்த் தின்றுவிட்டு இங்கே வந்து படுத்தன.

"ஆட்டுக்கு நம்ம யாரும் வேண்டியவங்க இல்ல மேடம். அது சரியா சொல்லும்" என்றார்.

அப்படியும் அவர் வீட்டுக்கு அந்தக் கூரை போட நான் கையெழுத்துத் தர மறுத்தேன். கூரை இறங்கிவிட்டால் பதில் சொல்லவேண்டியவள் நான். தணிக்கையில் கேட்பார்கள், வேலை போகும் என்றேன்.

"நீங்க பயப்படறது நாயம். ஆனா நான் அதுக்குக் கீய என் புருசன படுக்க வெக்கப் போறன். உங்களவிட எனக்கு பயம் இருக்காதா?"

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்றெல்லாம் சொல்லமாட்டேன். நன்றாகத்தான் தூங்கினேன். காலையில் எழுந்ததும் அந்த வார்த்தை நினைவுக்கு வந்தது. காஞ்சிபுரம் பேருந்தில் ஏறிப்போய், மாவட்ட அலுவலகத்தில் ஒரு பொறியாளரிடம் விசாரித்தேன். இது தெரிந்த முறைதான், கம்பியைக் குறைக்காமல் சட்டிகளுக்கு இடைவெளி சரியாக விட்டால் போதும் என்று கோடு போட்டுக் காட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஓர் ஆள் ஆடுகளை வைத்துக் கண்டுபிடித்ததை, ஒரு பேருந்துச் சீட்டில் நான் தெரிந்துகொண்டிருக்கலாம்.

கூரை போட்டு, இறுகத் தண்ணீர் கட்டி, தாங்கிய முட்டுக்கம்புகளைப் பிரித்த பிறகு சகாயமேரி மணல்மூட்டைகளை மேலே அடுக்கச் செய்தார். இரண்டு நாள் அவை அங்கேயே இருந்தன. கூரைக்கு அடியில் நூல் கட்டிவிட்டு, காலையும் மாலையும் போய், கூரை தொய்கிறதா என்று இடைவெளியைப் பார்த்தார். நூலுக்கும் கூரைக்கும் நடுவே அவர் நுழைத்துப் பார்த்த தீக்குச்சி கடைசிவரை சிக்காமல் போய்வந்தது. அதன் பிறகே கணவரின் கட்டிலை உள்ளே கொண்டுபோகவிட்டார்.

அவர் போட்ட கணக்கெல்லாம் பலித்தது என்று எழுதினால் அவரே கோபித்துக்கொள்வார். வெளிச்சுவரில் செங்கலைக் குத்தாக நிறுத்தி, நடுவே காற்றுக்கு இடம்விட்டுக் கட்டினார். செங்கல் மிச்சமானது. ஆனால் அந்தக் கட்டு தெரிந்த ஆள் ஊரில் இல்லாததால், கட்டுவதும் பிரிப்பதுமாகக் கூலி எகிறியது. மிச்சம் பிடித்தது அதில் போய், அதற்கு மேலும் செலவானது. தரைக்கு டைல்ஸ் போட வைத்திருந்த பணம் கரைந்தது. இரும்புக் கதவுக்குப் பதில் இடித்த வீட்டுக் கதவு ஒன்றை வாங்கி மாட்டினார். தெருவில் சிரித்தார்கள். "தரைக்கு வயி இல்ல, கூரையில சட்டிய ஒளிச்சி வெச்சிகினு கீது" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது அவர் காதிலும் விழுந்தது.

"கணக்குல தப்பு பண்ணது நான் மேடம். ஆளுக்குக் கத்துக் குடுக்கற கூலிய நான் சேக்கல" என்று என்னிடம் சொன்னார். "அடுத்த வூட்டுக்கு அது இருக்காது. ஆளுங்க கத்துகிட்டாங்கல்ல."

முதல் கோடையில் நான் கொடுத்த வெப்பமானியைத் தன் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் மாற்றி மாற்றி மாட்டினார். வித்தியாசம் அவர் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது. அது ஏன் என்று யோசித்து, கூரையின் மேலே சுண்ணாம்பு அடித்துப் பார்த்தார். சூடு இன்னும் கொஞ்சம் இறங்கியது. பக்கத்து வீட்டுக்காரர் ஏர் கூலர் வாங்கினார். பிறகு மின்கட்டணம் கட்டும் நாளில், தன் கூரையிலும் சுண்ணாம்பு அடித்துத் தரமுடியுமா என்று இவரிடம் வந்து கேட்டார். சகாயமேரி மறுநாளே ஏறிவிட்டார்.

அந்த ஆவணி மாதம் அலுவலகத்துக்கு வந்தவர், செலவையும் மிச்சத்தையும் எங்கள் கட்டம் போட்ட படிவம் ஒன்றில் எழுதச் சொன்னார். நான் எழுதிக்கொண்டே வந்தேன். கடைசியில் கேட்டார்: "அவரு முதுகுப் புண்ணு ஆறிடுச்சி மேடம். மருந்து வாங்கறது நின்னு போச்சு. அதவிட, அவரு இப்ப மத்தியானத்துல பாட்டு கேக்கறாரு. இத எந்தக் கட்டத்துல எய்துவீங்க?"

எழுத இடமில்லை என்று சொன்னேன். "அப்ப கட்டம் போட்டவங்க வூட்டுல மத்தியானம் யாரும் இல்ல போலகீது" என்றார்.

அதன்பிறகு பதினோரு வீடுகளுக்கு அவர் இப்படிக் கூரை போட்டார். எல்லாவற்றுக்கும் நான் கையெழுத்துப் போட்டேன்.

இறந்த அன்று போனேன். வைகாசி வெயில். உள்ளே ஐஸ் பெட்டியில் அவர். வெளியே பந்தல் இருந்தும், வந்தவர்களில் பாதிப் பேர் சுவரோடு ஒட்டி உள்ளேதான் நின்றார்கள். கணவரின் கட்டிலை அவர் அருகே நகர்த்தியிருந்தார்கள். ஆரோக்கியம் ஒரு கையைப் பெட்டிமேல் வைத்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் மெதுவாகச் சொன்னார்:

"எனக்குன்னு கட்டினா மேடம். அவ ஒரு மத்தியானம் இதுல படுத்ததில்ல. எவன் கூரைமேலயோ வெய்யில்ல நின்னுகினே இருந்தா."

அவர் கை அந்தப் பெட்டியின் குளிரில் விறைத்திருந்தது. கன்னியம்மா ஒரு துண்டை மடித்து அதன் அடியில் வைத்தாள்.

முன்பெல்லாம் வெயில் ஏறுவதற்குள், பத்து மணிக்கே என் ஆய்வுகளை முடித்துக்கொண்டு திரும்பிவிடுவேன். இப்போது இரண்டு மணிக்குப் போகிறேன். பூச்சு வேலை முடிந்த வீட்டில், கையில் இருக்கும் ஃபைலைத் தலைக்கு வைத்துக்கொண்டு, வெறும் தரையில் கால்மணி நேரம் மல்லாந்து படுக்கிறேன். வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று விநோதமாகப் பார்க்கிறார்கள். போன வாரம் ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள், "இன்னா மேடம், மயக்கமா?"

இல்லை, நீயும் வந்து படு என்றேன். அவளும் வந்து பக்கத்தில் படுத்தாள். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "ஆமா, அனலா எறங்குது" என்றாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, இதற்கு என்ன செய்யலாம் என்று கேட்டாள்.