டைகர் தண்ணீர் குடிக்காத காலை

காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டுக் கொல்லையில் "சளப் சளப்" என்று ஒரு சத்தம் கேட்கும். கிணற்றடிக் கல்தொட்டியில் எங்கள் நாய் டைகர் தண்ணீர் குடிக்கிற சத்தம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், நான் மூன்றாம் வகுப்பு முடித்திருந்த கோடையில், மயிலாப்பூர் வீட்டுக் கடிகாரம் ஏழு அடித்து ஓய்ந்த பிறகும் ஒருநாள் அந்தச் சத்தம் வரவில்லை.

ஓடிப்போய்ப் பார்த்தேன். டைகர் தொட்டியருகே வந்து மூக்கை நீட்டியது, முனகிக்கொண்டே பின்வாங்கியது. வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. பெயர்தான் டைகர், பூனை சீறினாலே என் பாவாடைக்குப் பின்னால் ஒளியும்.

மதில்மேல் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மாமா, "ஜலத்தைக் கண்டு பயப்படறதே, வெறிதான்! கொழந்தையை உள்ளே கூப்பிடுங்கோ" என்று அப்பாவை அதட்டிவிட்டு, "நாய் வண்டி"யை அழைத்துவரப் புறப்பட்டார். அந்தக் கம்பிக்கூண்டில் ஏறிய நாய் திரும்பாது என்பது தெருக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரியும். டைகர் என் குரலுக்குத்தான் வரும். விறகு அறையைப் பார்த்த சமையலறை ஜன்னலில் நின்று நான் கூப்பிட, அது நம்பி விறகு அறைக்குள் போயிற்று. அப்பா கதவைச் சாத்தினார். அந்தக் கதவுச் சத்தம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

கொல்லைக்குப் பின்னால் ஒரு சந்து. குப்பத்திலிருந்து மீன்கூடையோடு வரும் கன்னியம்மா அதன் வழியாகத்தான் அடுத்த தெருக்களுக்குப் போவாள். எங்கள் தெருவில் அவளுக்கு வியாபாரம் இல்லை. அன்று என் அழுகை கேட்டு நின்றாள்.

"இன்னா பாப்பா, இன்னாத்துக்கு அயுவுற?"

சொன்னேன். கூடையை இறக்கிவிட்டு உள்ளே வந்து, விறகு அறைக் கதவிடுக்கில் சற்று நேரம் பார்த்தாள்.

"தண்ணிக்குப் பயந்தா தொட்டியாண்ட ஏன் போவுது? குடிக்கத்தான் பாக்குது, முடியல. கன்னத்த எப்டி பிறாண்டிக்கினு கீது பாரு. தலைய யார்னா புட்ச்சிக்கோங்க."

அப்பா அசையவில்லை. அம்மாதான் வந்தாள். குளித்து மடியாக, எதையும் தொடாமல் இருந்தவள். டைகருக்குச் சோறு போடுவதுகூட எட்ட நின்றுதான். அவள் கதவைத் திறந்து உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து, அதன் தலையைத் தன் முழங்கால்களுக்கிடையே இறுக்கிக்கொண்டாள். கன்னியம்மா கையில் முந்தானையைச் சுற்றிக்கொண்டு, தாடையைத் திறந்து, இரண்டு விரல்களை உள்ளே விட்டாள். டைகர் கடிக்கவில்லை. உடம்பெல்லாம் நடுங்க, அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷம் கழித்து, போன வாரம் என் மகளுடைய நாய்க்குட்டி தண்ணீரை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. டாக்டர் வந்தார், வெயில்தான் காரணம் என்றார். நான் மட்டும் அன்று முழுவதும் அதன் தண்ணீர்க் கிண்ணத்தருகிலேயே உட்கார்ந்திருந்தேன். கொல்லைக்குப் பின்னால் இருந்த சந்து இன்று இல்லை, இரண்டு பக்க மாடிவீடுகளும் அதை விழுங்கிவிட்டன. கூடைக்காரிகளின் குரல் இல்லை, அம்மாவும் இல்லை. இரண்டு பெண்கள் எப்படித்தான் துணிந்தார்களோ என்று இப்போதும் வியக்கிறேன். மீன்முள் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே எங்கள் வீட்டில் அன்று யாருக்கும் தோன்றவில்லை.

வண்டிக்காரனோடு மாமா கொல்லைக்குள் நுழைந்தபோது, விரல் நீள முள்ளொன்றை அவர் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டிக் கன்னியம்மா சொன்னாள்: "வெறியும் இல்ல, கிறியும் இல்ல சாமி. நேத்து என் கூடையிலேர்ந்து சங்கரா மீன் தலைய தூக்கிக்கினு ஓடிச்சே, அந்த முள்ளு. பாப்பா, மொதல்ல திருடனுக்குத் தண்ணி குடு!"