சோப்பு டப்பாவுக்குள் ஒரு தாளக்காரன்

போன வாரம் பாளையம்பட்டி அம்மன் பொங்கலில் எங்கள் கச்சேரி. முதல் பாட்டு பாதி போகவில்லை... ஊர்த் தலைவர் கையில் கம்போடு மேடைக்குப் பின்னால் வந்து நின்றார். முகம் சரியில்லை.

அவர் ஏன் வந்தார் என்று சொல்வதற்கு முன்னால் என் விரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொப்புளம். டைப் அடித்தால் இன்னும் எரிகிறது. எல்லாம் வயரைப் பற்றவைக்கிற சால்டரிங் அயர்ன் செய்த வேலை.

நான் அருப்புக்கோட்டையில் நூல் கடை வைத்திருப்பவன் என்பது இந்தப் பக்கத்தை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். சாயங்காலம் கீபோர்டு வாசிப்பேன் என்பது சிலருக்குத்தான் தெரியும். வீரசோழன் ஜமால் பாடுவான். பள்ளிக்கூடத்தில் இருந்தே கூட்டாளி. பக்கத்துப் பாளையம்பட்டி மேடை வருஷா வருஷம் எங்களுக்குத்தான். ஜமால் பாடுகிறான் என்றால் வீரசோழனில் இருந்து பஸ் ஏறி வந்து கேட்பார்கள். அவனுக்கு இருப்பதே அந்த ஒரு மேடைதான்.

இந்த வருஷம் எங்கள் டிரம்ஸ்காரர் திருப்பூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். தலைவர் கூப்பிட்டு அனுப்பினார்.

"தாளம் இல்லாம என்ன கச்சேரி? இந்த வருசம் ஒங்களுக்கே விடுறேன். கூட்டம் எந்திரிச்சுப் போச்சுன்னா, அடுத்த வருசத்துல இருந்து மதுரைக்காரவுகதான். சங்கடப்படக் கூடாது."

ஜமால் வாசலில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தான்.

கடைக் கணக்குக்கு என்று வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் சவுண்ட் கார்டு உண்டு. கார்டின் பின்னால், ஜாய்ஸ்டிக் என்கிற விளையாட்டுக் குச்சியைச் சொருகுவதற்குப் பதினைந்து ஓட்டை வைத்த ஒரு சாக்கெட். என் கீபோர்டின் பின்னால் வட்டமாக ஐந்து ஓட்டை. இரண்டையும் இணைத்துவிட்டால், நான் வாசிப்பதைக் கம்ப்யூட்டர் ஞாபகம் வைத்துக்கொண்டு கீபோர்டை அப்படியே திருப்பி வாசிக்க வைக்கும். கீபோர்டில் இருக்கிற டிரம்ஸ் சத்தத்தை முன்கூட்டியே வாசித்து அதற்குள் ஏற்றிவிடலாம். மேடையில் என் கை மெட்டுக்கு.

நடுவில் இணைக்கிற வயர் வேண்டுமே? மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் கேட்டேன். கல்லாவில் இருந்தவர் என் வேட்டியைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "அதெல்லாம் ஒங்களுக்கு எதுக்கு சார்?"

எதுக்கா? வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பக்கத்துச் சந்தில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடை. அந்த வயரை நாமே செய்வது எப்படி என்று ஒரு எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் வந்த படத்தைக் காட்டி, வேண்டியதை எல்லாம் ஒரு பொட்டலத்தில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். சும்மாவா ஏறினேன்... கடைசி வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன்.

அந்தப் பொட்டலத்தில் ஒரு சின்ன சில்லு (சிப்) இருக்கிறது. எட்டுக் கால். உள்ளே ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் கண். கீபோர்டில் இருந்து வரும் கரண்ட் விளக்கை மினுக்கும். கண் அதைப் பார்த்து கம்ப்யூட்டருக்குச் சொல்லும். ஒரு பக்கத்துக் கரண்ட் அடுத்த பக்கத்தைத் தொடவே தொடாது. இதை யோசித்தவன் எவனோ, அவன் கையைப் பிடித்துக் கும்பிடலாம்.

எல்லாவற்றையும் ஒரு சோப்பு டப்பாவுக்குள் அடக்கினேன். என் மனைவி குளியலறையில் இருந்து சத்தம் போட்டாள். "சோப்பு தரையில கெடக்கு. ஒங்க வயருக்கு டப்பா கேக்குதோ?"

சொருகினேன். ஒன்றும் நடக்கவில்லை. பத்திரிகைக்காரனைத் திட்டினேன். கடைக்காரனைத் திட்டினேன். பிறகுதான் தெரிந்தது... படம் சாக்கெட்டை முன்பக்கமிருந்து காட்டுகிறது. நான் பற்றவைத்தது பின்பக்கம். பின்னால் இருந்து பார்த்தால் வரிசை இடம் வலமாக மாறிவிடாதா? எல்லாக் காலும் தப்பு. பிடுங்கி மறுபடி வைத்தேன். அந்தக் கொப்புளம்தான் இது.

கட்டையை அழுத்தினேன். திரையில் ஒரு புள்ளி விழுந்தது.

இன்னொன்று. இன்னொரு புள்ளி. ஒரு வரி வாசித்து, கையை எடுத்துவிட்டு, ஓடவிட்டேன். தொட ஆளில்லாமல் கீபோர்டு அதே வரியை வாசித்தது. அகப்பையோடு வந்து நின்ற என் மனைவி, திட்ட வந்ததை மறந்து, "இன்னொரு தடவ போடுங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அன்றில் இருந்து தினமும் ஒத்திகை. பாட்டுப் பாட்டாக டிரம்ஸ் ஏற்றினேன். தாளம் தப்பாமல் இருக்க, கம்ப்யூட்டர் டிக் டிக் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஆனால் என் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் பவர்லூம் கூடம். அந்தச் சத்தத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை திட்டி எழுதியிருக்கிறேன்! டிக் டிக் எங்கே கேட்கும்? அணைத்துவிட்டேன். என் கைக்குத் தெரியாத தாளமா?

அம்மன் பொங்கலுக்கு எங்கள் பக்கத்தில் தறியை நிறுத்திவிடுவார்கள். சாமி நாளில் தறி ஓடினால் பெரிய குற்றம். முந்தின நாள் மத்தியானம் அடுத்த வீட்டுத் தறிகள் நின்றன. வீடே புதிதாக இருந்தது. கடைசி ஒத்திகைக்குப் பாட்டுகளை ஓடவிட்டேன்.

சோகப் பாட்டு ஓடியது. நிஜமாகவே ஓடியது. ஆட்டப் பாட்டு நிதானமாக நடந்தது. தாலாட்டு இரண்டுக்கும் ஈடு கொடுத்தது. எல்லாம் ஒரே வேகம்!

ஜமால் எழுந்துபோய்ச் சுவரில் கையை வைத்தான். "ஏலே... இது தறிடா."

தறியேதான். அத்தனை பாட்டையும் தறி வேகத்தில் வாசித்து வைத்திருக்கிறேன். பிறந்ததில் இருந்து கேட்கிற சத்தம். காதில் விழுந்தால் திட்டுகிறேன்; கையில் விழுவது தெரிவதே இல்லை.

கம்ப்யூட்டரில் ஒரு எண்ணை மாற்றினால் வேகம் மாறும். மாற்றினேன். ஜமால் பாடிப் பார்த்தான். தடுமாறினான். இத்தனை நாளும் அந்த வேகத்தில் பாடிய தொண்டை அல்லவா? மறுபடி தடுமாறினான். விடிந்தால் கச்சேரி. நான் எண்ணைத் திட்ட ஆரம்பித்தேன்.

"மாத்தாதடா. பழைய மாதிரியே வையி. நாளைக்குக் கேக்க வார ஆளு பூராம் தறிக்காரவுகதான்."

ஜமால் என் கையைத் தட்டிவிட்டான். அவன் மேடை; அவன் சொல்கிறான். வைத்தேன்.

ஆக, கம்ப்யூட்டரை மேடைக்குத் தூக்கி வந்தாயிற்று; முதல் பாட்டு, கம்போடு தலைவர்.

"எவன்யா சாமி நாள்ல தறி ஓட்டுறது? கோயில் வாசல் வரைக்கும் கேக்குது. நான் சத்தம் வந்த பக்கமாத் தேடிட்டு வாரேன்."

சோப்பு டப்பாவைக் காட்டினேன். அவர் டப்பாவைப் பார்த்தார். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். ஓடுவது சோகப் பாட்டு. கூட்டம் முழுக்கத் தலை ஆடுகிறது, கை தொடையில் தட்டுகிறது. ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை. ஜமால் கண்ணை மூடிக்கொண்டு, சொந்த வீட்டில் பாடுகிற மாதிரி பாடிக்கொண்டிருந்தான்.

"வருசத்துல ஒரு நா அந்தச் சத்தம் இல்லாம இருப்போம்னு பாத்தா... அதையும் மைக்கு வச்சுப் போடுறீகளே," என்றார் தலைவர். திட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் கம்பு தரையில் தட்டிக்கொண்டிருந்தது. தறி வேகத்தில்.

கடைசிப் பாட்டு முடிந்ததும் ஜமாலின் தோளில் துண்டைப் போட்டு, "அடுத்த வருசமும் வந்துருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜமால் துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் காலையில் தறிக்கூடத்து முதலாளி வாசலில் நின்றார். "அண்ணாச்சி, கச்சேரி நல்லாருந்துச்சாமே. எங்க தறிக்குத் துண்டு கெடையாதா?"

அவர் தறிச் சத்தத்தைப் பற்றி நான் இதுவரை எழுதிய அத்தனை திட்டும் வாபஸ்... இந்த ஒரு வாரத்துக்கு மட்டும்.