ஆறு சொட்டு

இருளப்பனுக்குக் கை தாராளம். அவர் வீட்டுத் தேத்தண்ணியில் கரண்டி நட்டால் நிற்கும் என்று தோட்டத்து லய வீடுகளில் கேலி பேசுவார்கள். பலாங்கொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பன்னிரண்டு வருடம் கங்காணியாக இருந்தவர். சிங்களம் தண்ணீர் பட்ட பாடு என்பதால், 2007இல் பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றில் உதவியாளர் வேலை கிடைத்தது. தற்காலிகம்தான். ஆறு மாதம் முடிந்ததும் பௌதிக விரிவுரையாளர் சஜீதா நல்லபடியாகக் கடிதம் எழுதினால் நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடி மலைக்கு.

சஜீதா ஆராய்ந்தது திரவப் பளிங்கு. கல்குலேட்டரில் இலக்கம் காட்டுகிற அதே சாதிப் பொருள். நீர் போல ஓடும். ஆனால் உள்ளே மூலக்கூறுகள் நிரை பிடித்த கொழுந்துக்காரிகள் மாதிரி ஒரே பக்கம் பார்த்து நிற்கும். அவற்றைத் திருப்பப் பெரிய காந்தம் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத காந்தத் துணிக்கைகளைக் கொஞ்சம் கலந்துவிட்டால் சின்னக் காந்தத்துக்கே திரும்பும், திரும்பினால் கண்ணாடித் தகட்டின் வழியே வரும் வெளிச்சம் மாறும் என்பது சஜீதாவின் கணக்கு.

"துணிக்கை கலந்த கறுப்புக் கரைசல் ஒரு சொட்டுத்தான் விட்டிருக்கேன். நல்லாக் குலுக்கி வைங்க, லெக்சர் முடிச்சிட்டு வாறேன்" என்று இருளப்பனிடம் சொல்லிவிட்டுப் போனார்.

இருளப்பன் குப்பியைத் தூக்கிப் பார்த்தார். சாயமே ஏறவில்லை. பாவம், எச்சில் கையால் காக்கை ஓட்டாத பிள்ளை என்று நினைத்து, நல்ல மனதோடு இன்னும் ஐந்து சொட்டு விட்டார். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது அவருக்குத் தெரியாததல்ல; சாயத்துக்கு அது பொருந்தாது என்பது அவர் கட்சி.

வெளிச்சம் மாறவேயில்லை. ஒரு வாரம் சஜீதா காந்தத்தோடு மல்லுக்கட்டினார். கடைசியில் காந்தம்தான் பழுது, கழற்றிக் கொழும்புக்கு அனுப்பலாம் என்று முடிவெடுத்தார். அன்றிரவு இருளப்பன் தான் கூட விட்ட ஐந்து சொட்டைப் பற்றி வீட்டில் சொன்னார்.

"வாய மூடிக்கிட்டு இருங்க. கடுதாசி கைக்கு வரட்டும்" என்றாள் மனைவி வெள்ளையம்மா.

இருளப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. எடை கூடட்டும் என்று கொழுந்தில் தண்ணீர் தெளித்தவர்களை எத்தனை பேச்சுப் பேசியிருக்கிறார்! விடிந்ததும் சஜீதாவிடம் போய் நின்றார்.

"மிஸ், காந்தத்தக் கழட்டாதீங்க. அஞ்சு சொட்டு நாந்தான் கூட விட்டேன்."

சஜீதாவின் முகம் சிவந்தது. தகட்டை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தார். பிறகு அவரையும் பார்க்கச் சொன்னார். கூடிப்போன துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கறுப்புக் கட்டிகளாக, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடந்தன. பயத்தையும் மீறி இருளப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மிஸ், இது எங்க மலையில நடக்குறதுதாங்க. தோட்டத்துத் தொரை தூரத்துல நின்னு கத்துனா யாரும் திரும்ப மாட்டாங்க. நடுவுல ஒரு கங்காணி நின்னு திரும்புனா, பக்கத்துல உள்ளவங்க திரும்புவாங்க, அப்புறம் நிரையே திரும்பும். அதுக்காக ஒரு மலைக்கு ஆறு கங்காணி போட்டா? ஆறு பேரும் ஒண்ணாக் கூடி வெத்தல போட ஒக்காந்துருவோம்!"

சஜீதா நாற்காலியில் உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"இத விளங்கிக்கொள்ளத்தான் நான் ஒரு வாரமா மண்டைய ஒடைக்கிறேன். இந்தாங்க, இப்ப நீங்களே விடுங்க. ஒண்டு!"

புதுக் குப்பி. இருளப்பன் எண்ணி விட்டார். ஒரே ஒரு சொட்டு. தகட்டில் நிரப்பி, சின்னக் காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனதும் வெளிச்சம் மாறியது.

"திரும்பிருச்சு!" என்று அவர் போட்ட கங்காணிச் சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

ஆறு மாதம் முடிந்த திங்கட்கிழமை சஜீதாவின் கடிதம் கைக்கு வந்தது. அவருக்கு இங்கிலீஷ் வராது, சஜீதாவே தமிழில் சொன்னார்: "காந்தத்தில் பழுதில்லை என்று எனக்குச் சொன்னவர் இவர். வேலை போகும் என்று தெரிந்தும் சொன்னவர். இவரை நிரந்தரமாக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

அன்று வீட்டில் இருளப்பன் அதை அப்படியே ஒப்பித்தார். வெள்ளையம்மா இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றி, சீனியை அள்ளி அள்ளிப் போட்டாள்.

"போதும் புள்ள, அளவு..." என்றார் இருளப்பன்.

"இன்னைக்கு அளவு பேசாதீங்க" என்று ஆறாவது கரண்டியையும் போட்டாள்.