கச்சிராயபாளையத்தில் மாமாவின் பரோட்டா

சகல ஜனங்களுக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது: என் இடது கால் செருப்பின் வார் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் இன்னுயிர் நீத்தது. வலது கால் செருப்பு நலம். மௌன அஞ்சலி முடிந்ததும் பயணக் கட்டுரையைத் தொடரலாம்.

அரையாண்டு விடுமுறைக்குக் கரியாலூர் போவது என் வழக்கம். அழைத்துப் போகிறவர் அம்மாவின் தம்பி; அங்கே மலையில் மரவள்ளி போடுகிறவர். இந்த முறை அவர் கீழே இறங்கியது ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து. மாமாவுக்கு எச்.ஐ.வி. இருக்கிறது, மாத்திரை வாங்க வேண்டும். எழுதலாமா என்று கேட்டேன். "பேர போடாத, மீதிய எழுது" என்றார்.

எடை பார்த்த நர்சக்காவின் முகம் சரியில்லை. "போன தபாவுக்கு இன்னும் கம்மிங்க. துன்னாம மாத்திர மட்டும் முழுங்கினா உடம்பு எப்டிங்க தேறும்? அடுத்த தபாவும் இப்டியே வந்தா பெட்ல சேத்துடுவோம்." கிழங்கு பிடுங்கும் நேரத்தில் மாமா படுத்தால் அந்த வருஷ உழைப்பே போச்சு.

மதியம் பஸ் ஏறினோம். சுமார் நாற்பது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், ஆளுக்கு நாற்பது ரூபாய்க்குள். கச்சிராயபாளையத்தில் பஸ் கச்சிதமாகப் பத்து நிமிடம் நிற்கும். எதிரே பரோட்டா கடை. முன்பெல்லாம் மாமா அங்கே உட்கார்ந்தாலே மாஸ்டர் அடுத்த உருண்டையைத் தட்ட ஆரம்பித்துவிடுவார். கண்டக்டர் விசிலடித்த பிறகு, வாயில் ஐந்தாவதோடு மாமா ஓடி வருவார். அந்த ஓட்டத்தைப் பார்க்கவே நான் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போடுவேன்.

இந்த முறை ஆளுக்கு ஒரு தட்டு வாங்கினேன். மாமா ஒரு வாய் கடித்துவிட்டு வைத்துவிட்டார்.

"இன்னா மாமா, துன்னலியா?"

"ஆச்சுடா."

"எப்ப? காலைலேர்ந்து உன்கூடதான கீறேன்."

அப்புறம்தான் சொன்னார். கிழங்கு பிடுங்குகிறவர்கள் மதியம் ஒரே குண்டானைச் சுற்றி உட்கார்ந்து களி சாப்பிடுவார்கள். விஷயம் தெரிந்த பிறகு இவருக்கு மட்டும் தனி இலை, கொஞ்சம் தள்ளி. யாரும் திட்டவில்லை. "ஆச்சு" என்று சொல்லிவிட்டால் யாருக்கும் சங்கடம் இல்லை.

"தள்ளி குந்திக்கினு துன்னா எறங்க மாட்டுதுடா. அப்டியே வயிறும் பழகிப் போச்சு."

இங்கேதான் அடியேனின் மாஸ்டர் பிளான். அவர் கடித்து வைத்த பரோட்டாவை எடுத்து என் வாயில் போட்டேன்.

"டேய், நான் கடிச்சதுடா அது."

"கூட துன்னா ஒட்டாதுன்னு நர்சக்கா சொல்லல? நீ பாடத்தையே கவனிக்கல மாமா."

அடுத்ததுக்கும் கை நீட்டினேன். மாமா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எனக்கும் வெய்யிடா, பன்னாட" என்று சொல்லிச் சாப்பிட ஆரம்பித்தார். விசிலடித்தபோது ஓடவில்லை, மெல்ல நடந்துதான் வந்தார். கண்டக்டர் காத்திருந்தார்.

மறுநாள் மரவள்ளிக் காட்டில் தனி இலை போட்டார்கள். நானும் அதே இலையில் போய் உட்கார்ந்தேன். மாமா "ஆச்சு" சொல்லவில்லை.

போகிறவர்களுக்கு: டிசம்பரில் போர்வை அவசியம். கொண்டை ஊசி வளைவுகளில் முன் சீட்டு நல்லது. கடைசி பஸ் நேரத்தைக் கேட்டுவிட்டு மலையில் இருக்கும் அருவிக்குப் போங்கள். கூட வருகிறவர் "சாப்பிட்டாச்சு" என்றால் எப்போது என்று கேளுங்கள்.

அப்புறம், மாஸ்டர் பிளான் என்று எழுதினேனே. பிளானெல்லாம் ஒன்றுமில்லை. என் தட்டு காலியாகிவிட்டது, பஸ் கிளம்பப் போகிறது, எனக்கு இன்னும் பசித்தது.