பொன்மணி குறைத்த எடை

கொச்சியின் மட்டாஞ்சேரியில் மிளகை எடை போட்டுப் பிழைத்தவர்கள் ஆயிரம் பேர் உண்டு. மனிதரை எடை போட்டுப் பிழைத்தவள் பொன்மணி ஒருத்திதான்.

யூதத் தெருவான ஜூ டவுனில், பழம்பொருள் கடைகளுக்கு நடுவே ஒரு பயண ஏஜென்சி. அங்கே அவளுக்கு டிக்கெட் போடும் வேலை. சுற்றுலாக்காரர்கள் காரில் மலைக்குப் போவார்கள். திரும்பும்போது மலையடிவாரத்து விமானத்தளத்தில் ஏறி, மலைக்கு மேலாகப் பறந்து கொச்சியில் இறங்குவார்கள். ஏழு பேர் ஏறினால் நிறைந்துவிடும் குட்டி விமானம். அதனால் ஒவ்வொருவர் எடையும் வேண்டும். பக்கத்து மிளகுக் கிடங்கிலிருந்து வாங்கிப்போட்ட தராசில் அவர்களை ஏறி நிற்கச் சொல்வாள் பொன்மணி.

முள் அவள் பக்கம்தான் திரும்பியிருக்கும். அவள் முள்ளைப் பார்ப்பாள், பிறகு நிற்பவரின் முகத்தைப் பார்ப்பாள், முகத்துக்கு எது நல்லதோ அதைச் சொல்வாள். தேர் மாதிரி உள்ளே வந்த வெள்ளைக்காரியம்மா சப்பரம் மாதிரி வெளியே போனாள். ஒரு கோழிக்கோட்டு மாப்பிள்ளை எடையைக் கேட்ட சந்தோஷத்தில் அல்வாப் பொட்டலமே கொடுத்துவிட்டுப் போனார்; அவரிடமிருந்து நிஜமாகக் குறைந்த எடை அந்தப் பொட்டலம் மட்டும்தான். வந்தவர் மனம் நோகாமல் அனுப்புவதுதான் கடை தர்மம் என்று நினைத்திருந்தாள் அவள். சொன்ன எடையே டிக்கெட்டிலும் அச்சாகிவிடும். தளத்தில் இருந்த தராசு மழையில் நனைந்து செத்துப்போனதிலிருந்து, விமானம் ஓட்டும் கேப்டன் சேவியர் டிக்கெட்டைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

அந்த ஆடி மழையில், ஊழியருக்கென்று கிடைத்த ஓர் இலவச இருக்கையைப் பொன்மணி ராமாத்தாளுக்குக் கொடுத்தாள். ராமாத்தாள் அவள் தெருக்காரி. மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பொன்மணியின் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூடவே கிடந்தவள். மேலேயிருந்து ஊரைப் பார்க்க வேண்டும் என்று ஒரே ஆசை. மலையில் மகள் வீட்டுக்கு பஸ்ஸில் போய்விட்டு, விமானத்தில் திரும்புவதாக ஏற்பாடு. அவள் திரும்பும் நாளில் தெருப்பெண்கள் ஒரு வேன் பிடித்து, அவளை அழைக்கக் கொச்சி விமான நிலையத்துக்குக் கிளம்பினார்கள். ராமாத்தாளுக்கும் எடை குறைத்துச் சொல்லியிருந்தாள் பொன்மணி. பிரியம் அதிகம் என்பதால் குறைத்ததும் அதிகம்.

அன்று காலையில் சேவியர் போன் செய்து, மேகம் இறங்கியிருக்கிறது, விமானம் தாமதமாக வரும் என்றார். மேகத்துக்குள் வழி தெரியுமா என்று பொன்மணி சிரித்தாள்.

“மலையைக் காண வேண்டா, பொன்மணி. அது எங்க நிக்குதுன்னு வரைபடத்துல உண்டு. விமானத்துக் கருவி முள்ளு பார்த்தே போயிடலாம். தரையை விட்டா மைலுக்கு இத்தனை அடி ஏறியே தீரணும். தளத்துக்கு மேலயே வட்டம் போட்டு, உயரம் கிட்டின பின்னாலதான் மலைப்பக்கம் திரும்பணும். நீ டிக்கெட்டுல போட்ட எடையெல்லாம் கூட்டிப் பார்த்தாச்சு. கஷ்டிச்சு ஏறும், இதுக்கு மேல தாங்காது.”

போனை வைத்தார். பொன்மணி சிரித்த வாயை மூடவில்லை, மூட மறந்துபோயிற்று. எதிரே முதலாளி சுதர்ஷன் சாயா குடித்துக்கொண்டிருந்தார். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது, இத்தனை நாள் என்ன ஆயிற்று என்று மனசு வக்கீல் வைத்துப் பேசியது. கேப்டன் கொஞ்சம் கூட்டித்தான் வைத்திருப்பார் என்றது. அப்புறம் அந்த மேகத்துக்குள் ராமாத்தாளின் முகம் தெரிந்தது, ஜன்னலோடு ஒட்டிக்கொண்டு.

போன் அடித்தாள். எடுக்கவில்லை. விமானம் நகர்ந்துவிட்டதோ என்று மறுபடி அடித்தாள். எடுத்தார்.

“சாரே, கிளப்பாதீங்க. நான் சொன்ன எடை எதுவும் நெசமில்ல.”

சுதர்ஷனின் கிளாஸ் பாதி வழியில் நின்றது. சேவியர் திட்டவில்லை. போனை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, உண்மையான எடைகளைச் சொல் என்றார். பயணிகள் சுற்றி நிற்பது பொன்மணிக்குக் கேட்டது. முள் காட்டிய எண் எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு பெயராக, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ செருமினார்கள். ராமாத்தாளின் எடையைச் சொல்லும்போது மட்டும் குரல் உள்ளே போயிற்று. சேவியர் உரக்கச் சொல்லச் சொன்னார்.

“இதுக்கு முன்னால போனவங்க, சாரே?”

“வெயில் நாள்ல மலையைப் பார்த்து ஒதுங்கிப் போயாச்சு. மழையில போன நாளும் ரெண்டு உண்டு.”

ஓர் ஆளும் சில பெட்டிகளும் இறங்க வேண்டும் என்றார். மற்றவர்கள் எல்லாரும் ஜோடியாகவோ கூட்டமாகவோ வந்தவர்கள். ராமாத்தாள்தான் தனி ஆள். யாரும் கேட்பதற்கு முன்னால், “நான் பஸ்ஸுல போயிக்கறேன்” என்று அவள் சொன்னது பொன்மணியின் காதில் விழுந்தது.

விமானம் வட்டம் போட்டு ஏறி, பத்திரமாகக் கொச்சியில் இறங்கியது. நாளைக்குப் பேசுவோம் என்று சுதர்ஷன் ஷட்டரை இழுத்துவிட்டார்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் மழையில் நின்றாள் பொன்மணி. ராமாத்தாள் இறங்கி, கையிலிருந்த பலாப்பழத்தை அவளிடம் கொடுத்தாள்.

“எங்கிட்ட எதுக்குடி குறைச்ச? நாப்பது வருஷம் ஊர்க்குப்பையைத் தூக்கின உடம்பு. எனக்கு என்ன கூச்சம்?”

இருவரும் தெருமுனைக்கு வந்தபோது, வெறும் வேனில் திரும்பியிருந்த பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். என்ன ஆயிற்று, ஏன் ஏறவில்லை என்று ஆளாளுக்குக் கேட்டார்கள்.

“பயந்துட்டேன்டி,” என்றாள் ராமாத்தாள். “அந்த விசிறி சுத்தினதும் கால் ரெண்டும் ஆடிப்போச்சு. இறக்கி விடுங்கன்னு அழுதுட்டேன்.”

தெருவே சிரித்தது. துடைப்பக்கட்டையைத் தூக்கிக்கொண்டு ரவுடிகளைத் துரத்தினவளா விசிறிக்கு அழுதாள் என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி அழுதுகாட்டினாள். நடந்ததைச் சொல்லப் பொன்மணி வாயைத் திறந்தாள். ராமாத்தாள் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள்.

காலையில் அந்நியர் முன்னால் உண்மையைச் சொன்ன வாய் தன் தெருவில் சொல்லவில்லை. எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பலாப்பழத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, பொன்மணியும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.